நாலாம் நாள் போன்

முதல் மூன்று நாள் நன்றாகத்தான் இருப்பார்கள். நாலாம் நாள்தான் விழுவார்கள்.

புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றுகிற வார்டில் வேலை பார்க்கிற எந்த நர்ஸைக் கேட்டாலும் இதைச் சொல்வார். வாந்தி வராமல் இருக்க ஊசிக்கு முன்னால் டெக்சாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு கொடுக்கிறோம். பலருக்கு அதையே இரண்டு மூன்று நாளுக்கு மாத்திரையாகவும் கொடுத்து அனுப்புவோம். அது உடம்பில் இருக்கிற வரை முகம் லேசாகச் சிவந்திருக்கும், பசிக்கும், ராத்திரி தூக்கம் பிடிக்காது. "என்ன சிஸ்டர், கீமோன்னு அவ்வளவு பயமுறுத்துனாங்க, ஒண்ணுமே தெரியலையே" என்று தெம்பாகப் பேசுவார்கள். மாத்திரை தீர்ந்த மறுநாள் உடம்பு சடாரென்று இறங்கும். அதோடு மனசும் இறங்கும். காரணமே இல்லாமல் அழுகை வரும். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாகப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அதற்குள் ஊருக்குப் போயிருப்பார்கள். மகனும் மகளும் விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். "அவ்வளவுதான், நம்ம கதை முடிஞ்சுது" என்கிற நினைப்பு பெரும்பாலும் அந்த மத்தியானத்தில்தான் வருகிறது.

அன்றைக்குத்தான் நான் போன் செய்வேன்.

இந்தப் பழக்கம் 2020 மார்ச்சில் தொடங்கியது. 24-ம் தேதி ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள். மறுநாளே டாக்டர்கள் போனில் நோயாளிகளைப் பார்ப்பதற்கான வழிகாட்டுதல்களை மத்திய அரசு வெளியிட்டது. எங்கள் டாக்டர் என்னிடம் ஒரு நீளநோட்டைக் கொடுத்து, கீமோ தேதி உள்ள எல்லோரையும் கூப்பிட்டு யார் வர முடியும், யாருக்குத் தள்ளிப்போட வேண்டும் என்று கேட்டு எழுதச் சொன்னார். எனக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான். ஆனால் தேதியைச் சொன்ன பிறகும் யாரும் போனை வைக்கவில்லை. கமுதிப் பக்கத்து ஐயா ஒருவர், "ஊசி பத்து நாள் தள்ளிப்போனா கட்டி வளந்துருமா சிஸ்டர்?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்வது என் வேலை இல்லை. டாக்டரிடம் கேட்டுவிட்டு அரைமணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டேன். பதிலைக் கேட்டுக்கொண்டார், சரி என்றார். அதன் பிறகு, "திரும்பக் கூப்பிடுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல" என்றார். அந்த வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது. பஸ் ஓடத் தொடங்கி எல்லாம் பழைய நிலைக்கு வந்த பிறகும் நான் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற தாளில் "ஏதாவது என்றால் இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று எல்லா ஆஸ்பத்திரியிலும் அச்சடித்திருப்பார்கள். கூப்பிடுகிறவர்கள் குறைவு. 'சிஸ்டருக்கு ஆயிரம் வேலை இருக்கும், இதுக்குப் போயி கூப்பிடணுமா' என்று இருந்துவிடுவார்கள். காய்ச்சலுக்கே யோசிப்பார்கள். ஊசி போட்ட 7-ம் நாளிலிருந்து 14-ம் நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் ராத்திரி ஒரு மணியானாலும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். அதையே பாராசிட்டமால் போட்டுக் காலை வரை பார்ப்போம் என்று இருக்கிறவர்கள், அழுகை வருகிறது என்று போன் போடுவார்களா? பிரிட்டனில் கீமோ நோயாளிகளுக்கென்று 24 மணி நேரப் போன் வசதி இருக்கிறது. எடுக்கிற நர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்விகள் கேட்டு சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து அடுத்து என்ன செய்வது என்று சொல்வார். அப்படி ஒன்று இங்கே எல்லா மாவட்டத்திலும் வர வேண்டும் என்பது என் ஆசை. ஆனாலும் அது நோயாளி கூப்பிட்டால் மட்டும் பேசுகிற போன். நம் ஊரில் மனசு சரியில்லாதவரை நாம்தான் தேடிப் போய்க் கூப்பிட வேண்டும்.

கூப்பிட்டால் மட்டும் அவர் காதுக்குப் போய்விடுமா என்றால், அதுவும் இல்லை. ஃபைலில் இருக்கிற நம்பர் மகனுடையது. மகன் ஸ்பீக்கரில் போடுவார். "அம்மா நல்லா இருக்காங்க சிஸ்டர், நல்லா சாப்பிடுறாங்க. அம்மா, சிஸ்டர்மா, பேசு." தூரத்திலிருந்து ஒரு குரல், "நல்லா இருக்கேன் சிஸ்டர்." ஒன்றரை நிமிஷத்தில் போன் முடிந்துவிடும். நோட்டில் 'நலம்' என்று எழுதுவேன். முதல் ஒரு வருடம் நான் எழுதிய 'நலம்' பாதிக்கு மேல் இப்படி எழுதியதுதான்.

சில வீடுகளில் நோயின் பெயரையே சொல்லியிருக்க மாட்டார்கள். "கட்டின்னுதான் சொல்லியிருக்கோம், கேன்சர்னு சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்று கதவோரம் நின்று கெஞ்சுவார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. போனில் நானாகப் போய் அதை உடைக்க மாட்டேன். பொய்யும் சொல்ல மாட்டேன். "எனக்கு என்ன நோய்னு நீங்களாவது சொல்லுங்க" என்று நோயாளியே கேட்டால், "நீங்க என்னன்னு நினைக்கிறீங்கம்மா?" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். ஒரு பாட்டி சொன்னார்: "கரண்டு வைக்கிற ஆஸ்பத்திரிக்கு எதுக்குக் கூட்டியாராங்கன்னு எனக்குத் தெரியாதா தாயி? பிள்ளைக மனசு கஷ்டப்படுமேன்னு தெரியாத மாதிரி இருக்கேன்." இப்படிப் பக்கத்துப் பக்கத்து அறையில் ஒருவருக்காக ஒருவர் நடித்துக்கொண்டிருக்கிற வீடு எத்தனையோ.

அதனால் இப்போது முதல் ஊசி அன்றைக்கே, மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது நோயாளியிடமே கேட்டுவிடுகிறேன். உங்களுக்கென்று தனியாகப் போன் இருக்கிறதா? எத்தனை மணிக்குப் பேசினால் தோது? பெண்கள் பெரும்பாலும் மத்தியானம் இரண்டரைக்கு மேல் என்பார்கள். சாப்பாட்டுக் கடை ஒழிந்து, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்கு முன்னால் இருக்கிற அந்த ஒன்றரை மணி நேரம்.

உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் அப்படித்தான் பக்கத்து வீட்டுப் பெண்ணின் போன் நம்பரைக் கொடுத்தார். மார்பகப் புற்றுநோய். 21 நாளுக்கு ஒன்றாக எட்டு ஊசி. முதல் நாலும் சிவப்பு நிறத்தில் இருக்கிற கீமோ மருந்து. இரண்டாவது ஊசிக்கு அப்புறம் வந்த நாலாம் நாள், வழக்கமாக ஆரம்பிக்கிற மாதிரியே ஆரம்பித்தேன்.

"என்னம்மா சாப்பிட்டீங்க?"

"கஞ்சி."

"வாய்ப்புண் இருக்கா?"

"இல்ல."

"தண்ணி நல்லாக் குடிக்கிறீங்களா?"

அதற்குப் பதில் வரவில்லை. நானும் ஒன்றும் பேசவில்லை. எங்கேயோ கோழி கொக்கரித்தது. "தண்ணி வேணும்னா கொல்லைப் பக்கம் போகணும் தாயி" என்றார். ஏன் என்று கேட்டேன். "என் டம்ளரு தட்டு எல்லாம் அங்கதான் வச்சிருக்காங்க. ஒரு மாசமாச்சு. பேரப்பிள்ளையையும் தூக்கக் கூடாதாம்."

தனி டம்ளர் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எனக்கு மருமகள் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரும்மா அப்படிச் சொன்னது?" என்று கேட்டேன்.

"நீங்கதானே தாயி தாள்ல எழுதிக் குடுத்தீங்க."

நான்தான் கொடுத்திருக்கிறேன். கீமோ மருந்து உடம்பிலிருந்து வெளியேற நாளாகும். அதனால் ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குக் கழிப்பறையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றுங்கள், வாந்தியைக் கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள், அழுக்குத் துணியைத் தனியாகத் துவையுங்கள், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இவற்றில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தாள். அந்த மருமகளை உட்கார வைத்து அதைப் படித்துக் காட்டியவளும் நான்தான். கையில் எட்டு மாதக் குழந்தையோடு வந்திருந்த பெண் அவள். அவள் காதில் 'தனியாக', 'குழந்தை' என்ற இரண்டு சொல் மட்டும் விழுந்திருக்கிறது. 48 மணி நேரம் என்பது விழவே இல்லை.

அந்த அம்மாவிடம், நான் மருமகளிடம் பேசலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்னைய மாட்டி விட்றாதீங்க" என்றார். சாயந்திரம் மருமகளைக் கூப்பிட்டு, நான் கொடுத்த தாளில் விளக்கம் போதவில்லை, என் மேல்தான் தப்பு, மறுபடியும் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். டம்ளரும் தட்டும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், தனியாக வைக்க வேண்டியதில்லை. இது ஒட்டுவாரொட்டி இல்லை. இரண்டு நாள் கழிந்ததும் குழந்தையைப் பாட்டி மடியில் தாராளமாகப் போடலாம். அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். "பாப்பாவுக்குப் பால் குடுக்கிறேன் சிஸ்டர், எனக்கு ஏதாவது ஒட்டி அவளுக்குப் போயிருமோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. யார்கிட்ட கேக்கன்னு தெரியல." ஒரே வீட்டில் இரண்டு பெண்கள், ஒரு மாதமாக, ஆளுக்கொரு மூலையில் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்கள். நான் கோபப்பட இருந்தது இவள் மேல்தான்.

இப்போது அந்தத் தாளில் மணிக்கணக்கு போடுவதில்லை. 'வியாழன் சாயந்திரம் 5 மணி வரை' என்று கிழமையும் நேரமும் கையால் எழுதுகிறேன். அதற்குக் கீழே, 'அதன் பிறகு குழந்தையைத் தூக்கலாம்' என்றும் எழுதுகிறேன்.

இந்த டம்ளர் விஷயத்தை, மனநிலைக்கு மார்க் போடுகிற கேள்வித்தாள் எதுவும் கண்டுபிடித்திருக்காது. கேள்வித்தாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நியூயார்க்கில் ஜிம்மி ஹாலண்ட் என்கிற மனநல மருத்துவர் 1977-லேயே புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குள் மனநலத்துக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 'மனநோய்' என்றாலே மக்கள் ஒதுங்கிப் போகிறார்கள் என்று பார்த்து, யாரும் கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்ளக் கூடிய ஒரு சொல்லை அவரும் அவருடன் இருந்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள். நம் பேச்சில் அதை மன உளைச்சல் என்று சொல்லலாம். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் மாதிரியே ஒரு படம், 0 முதல் 10 வரை. இந்த வாரம் உளைச்சல் எவ்வளவு என்று நோயாளியே தொட்டுக் காட்டுவார். நாலும் அதற்கு மேலும் போனால் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கனடாவில் 2004-ல் இந்த உளைச்சலையும், நர்ஸ்கள் தவறாமல் பார்த்துக் குறிக்கிற உயிர்க்குறிகளில் ஆறாவதாக எடுத்துக்கொண்டார்கள். காய்ச்சல், நாடி, மூச்சு, பிரஷர், வலி, அப்புறம் இது. நர்ஸாக எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்திருந்தது. சார்ட்டில் கட்டம் போட்ட எதையும் நாங்கள் விட மாட்டோம்.

போனில் படத்தைக் காட்ட முடியாது. "பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டால் எங்கள் பக்கத்து அம்மாக்களுக்குப் பரீட்சை மாதிரி ஆகிவிடுகிறது. 'மனசு சரியில்லை' என்றும் நேராகச் சொல்ல மாட்டார்கள். நெஞ்சை அடைக்குது, சோறு இறங்கல, ராவெல்லாம் கண்ணு மூடல என்பார்கள். சோறு இறங்காதது வாய்ப்புண்ணாலும் இருக்கலாம், துக்கத்தாலும் இருக்கலாம். இரண்டையும் விசாரிக்க வேண்டும். 'சாப்பிட்டீங்களா' என்பதைச் சம்பிரதாயக் கேள்வி என்று நினைத்திருந்தேன். இப்போது எனக்கு அதைவிட நல்ல கேள்வி கிடையாது. என்ன சாப்பிட்டீங்க, யார் சமைச்சா, யார்கூட உட்கார்ந்து சாப்பிட்டீங்க என்று கேட்டுக்கொண்டே போனால் அந்த வீடு முழுக்கத் தெரிந்துவிடும்.

நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். 40 வயசுகூட ஆகாத ஒரு பெண் ஒருநாள், "எல்லாருக்கும் பாரமா இருக்கேன் சிஸ்டர்" என்றாள். நான் உடனே, "ஐயோ, அப்படியெல்லாம் பேசக் கூடாது, தைரியமா இருக்கணும்" என்றேன். "சரி சிஸ்டர்" என்றாள். அந்தச் 'சரி'யோடு பேச்சு நின்றுவிட்டது. அடுத்த இரண்டு போனிலும் நன்றாக இருக்கிறேன் என்பதைத் தவிர அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை நானே எடுத்தேன். "அன்னிக்கு நீங்க பாரமா இருக்கேன்னு சொன்னதை நான் சரியாக் கேட்டுக்கலை. இப்போ சொல்லுங்க" என்றேன். ரொம்ப நேரம் பேசினாள். நகை அடகுக்குப் போனது, காப்பீட்டு அட்டை இருந்தும் பஸ்ஸுக்கும் டெஸ்டுக்கும் கரைகிற பணம், வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசாதது. "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று பலரும் பயப்படுகிறார்கள். அது அப்படி இல்லை என்று மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். சில ராத்திரி தோன்றுகிறது என்றாள். அன்றைக்கே டாக்டரிடம் சொல்லி, மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்தோம். ராத்திரி என்னைக் கூப்பிட முடியாத நேரத்துக்கு 14416 என்ற எண்ணைக் கொடுத்தேன். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்கிற மத்திய அரசின் மனநல உதவி எண் அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசுவார்கள். இதைப் படிக்கிறவர்களும் போனில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். 'தைரியமா இருங்க' என்று அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்வதில்லை.

ஆண்களிடம் இது இன்னும் கஷ்டம். திருமங்கலத்துப் பக்கம் ஒரு தையல்காரர். குடலில் கட்டி. 14 நாளுக்கு ஒரு தடவை என்று 12 தடவை மருந்து. இடுப்பில் பம்ப்பைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கழித்துக் கழற்ற வருவார். எப்போது கூப்பிட்டாலும் கடையில்தான் இருப்பார். "ஒண்ணும் பிரச்சினை இல்ல சிஸ்டர்" என்பார், பின்னால் மெஷின் கடகடவென்று ஓடும். 40 செகண்டில் வைத்துவிடுவார். எட்டாவது தடவைக்கு அப்புறம் கூப்பிட்டபோதும் அதேதான் சொன்னார். ஆனால் மெஷின் சத்தம் இல்லை.

"என்னண்ணே, இன்னிக்குக் கடைக்குப் போகலையா?"

"கடைலதான் இருக்கேன்."

"மெஷின் ஓடலையே?"

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். விரல் நுனி மரத்துப் போய் ஒரு மாதம் ஆகிறதாம். ஊசியில் நூல் கோக்க வரவில்லை. ஊசி குத்தினாலும் தெரியவில்லை. யாரோ கொடுத்திருந்த வெள்ளைச் சட்டைத் துணியில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான், தன் விரலில் ரத்தம் வருகிறது என்றே அவருக்குத் தெரிந்திருக்கிறது. துணிக்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு மெஷினை மூடி வைத்துவிட்டார். அவருக்குப் போடுகிற ஆக்சாலிபிளாட்டின் இப்படி நரம்பைப் பிடிக்கும். போடப் போட அது கூடிக்கொண்டே போகும். முதல் நாளே சொல்லித்தான் அனுப்பியிருந்தோம். "சொன்னா மருந்தை நிறுத்திருவீங்க. நிறுத்துனா நோவு திரும்ப வந்துருமேன்னுதான் சொல்லல சிஸ்டர்." உயிரா, விரலா என்று இந்த மனுஷர் ஒரு மாதம் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். அடுத்த தடவை வந்தபோது டாக்டர் அந்த ஒரு மருந்தை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைத் தொடர்ந்தார். அப்படிச் செய்யலாம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

கனடாவின் ஒன்டாரியோவில் 20 புற்றுநோய் மையங்களில் செய்த ஒரு ஆய்வு 2021-ல் வெளிவந்தது. ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்களை ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை, முதல் மூன்று நாளுக்குள் ஒன்றும் எட்டிலிருந்து பத்து நாளுக்குள் ஒன்றுமாக, நர்ஸ்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். அவசரப் பிரிவுக்கு வருவதும் அட்மிட் ஆவதும் இதனால் குறையவில்லை என்பதுதான் முடிவு. எங்கள் டாக்டர் அதைச் சொன்ன அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் போன் செய்து, காய்ச்சல் 100.4 என்றால் உடனே கிளம்பி வாங்க என்று சொல்கிறேன். வீட்டிலேயே படுத்திருக்க இருந்தவர் அதனால்தான் அவசரப் பிரிவுக்கு வருகிறார். நல்ல போன் ஒன்று அந்த எண்ணிக்கையைக் கூட்டவும் செய்யும். அந்த ஆய்வை நான் குறை சொல்ல வரவில்லை. நேர்மையான ஆய்வு, போன் போட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்கிற நினைப்பை எடுத்துவிட்டது. ஆனால் தையல் மெஷின் ஓடவில்லை என்பதை அவசரப் பிரிவுக் கணக்கில் தேட முடியாது.

எண்ணிக்கை என்ன செய்யும் என்பதை வேறொரு விதத்திலும் பார்த்துவிட்டேன். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் இந்தப் போன்களைப் பாராட்டினார்கள். பாராட்டிய கையோடு ஒரு பதிவேடு வைத்தார்கள். ஒரு நாளைக்கு 20 பேரைக் கூப்பிட வேண்டும். அதற்கென்று தனியாக ஆள் கிடையாது, நேரமும் ஒதுக்கவில்லை. வார்டில் டிரிப் பார்த்துக்கொண்டே கூப்பிட வேண்டியதுதான். 20 என்று வந்த மறுநாளே எல்லாப் பேச்சும் ஒரு நிமிஷத்துக்குச் சுருங்கிவிட்டது. பதிவேடு நிறைய 'நலம்', 'நலம்', 'நலம்'. நானும் அப்படித்தான் எழுதினேன். இப்போது இருக்கிற இடத்தில் நாளைக்கு ஐந்து பேரைத்தான் கூப்பிடுகிறேன். இரண்டரையிலிருந்து நாலு மணி வரை வார்டை இன்னொரு சிஸ்டர் பார்த்துக்கொள்கிறார். போனும் சிம்மும் வார்டுடையது. முன்பு என் சொந்தப் போனிலிருந்து பேசியபோது ராத்திரி பதினொரு மணிக்கெல்லாம் வரும். எடுத்தால் என் தூக்கம் போகும், எடுக்காவிட்டால் அதைவிட அதிகமாகப் போகும். இந்த வேலை நடக்க வேண்டுமானால், கூப்பிடுகிற நர்ஸுக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுங்கள். ஒரு கஷ்டமான பேச்சுக்கு அப்புறம் பத்து நிமிஷம் டீ குடிக்க விடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

உசிலம்பட்டி அம்மாவுக்கு எட்டாவது ஊசியும் முடிந்தது. வார்டில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். கரண்டு வைப்பதற்கு இன்னும் நாலு வாரம் இருந்தது. ஊசியே இல்லாதபோது நாலாம் நாளும் கிடையாது, என் நோட்டிலிருந்தும் பேர் போய்விடும். ஆனால் கடைசி ஊசிக்கு அப்புறம் பலர் திடீரென்று துவண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அதுவரை 21 நாளுக்கு ஒரு தடவை நாலு பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டார்கள், இனிமேல் யாரும் இல்லையே என்று இருக்கும். அதனால் இப்போதெல்லாம் ஒரு போன் கூடுதலாகச் செய்கிறேன், கடைசி ஊசி முடிந்த 21-ம் நாள்.

இந்தத் தடவை மருமகள்தான் எடுத்தாள். சிரித்துக்கொண்டே போனை மாமியாரிடம் கொடுத்தாள். என்னம்மா சாப்பிட்டீங்க என்று கேட்டேன்.

"அதை ஏன் கேக்குற தாயி. காலைல அஞ்சு மணிக்கே எந்திரிச்சு, குளிச்சு, ஃபைல் எல்லாம் பையில எடுத்து வச்சு, பஸ் ஸ்டாப்புல போய் நின்னுட்டேன். இவதான் பிள்ளையத் தூக்கிட்டு ஓடியாந்து, அத்தை இன்னிக்கு ஊசி இல்லன்னு கூட்டியாந்தா."